மீற்றர் ஓடாத ஏழு மாதம்

2025 மார்ச் முதல் கிழமை எங்கள் ஜீப்பை விற்பதென்று முடிவெடுத்தேன். சித்திரை வருடப் பிறப்பு முடிந்து இரண்டாம் கிழமை அது கிண்ணியாப் பாலம் தாண்டிப் போனது. இடையில் நான்கு பேர் வந்தார்கள். இல்லை, மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் தொலைபேசியோடு நின்றுவிட்டார். குறைகளை மறைக்காமல் விற்பது என்று தொடங்கியவன் நான். ஐந்து குறையை மறைக்கவில்லை. ஆறாவதாக ஒன்று இருந்தது. இதை எழுத உட்கார்ந்ததே அந்த ஒன்றுக்காகத்தான்.

விளம்பரத்தில் எஸ்யூவி என்று போட்டாலும் திருகோணமலையில் உயரமாக, பின்கதவில் உதிரிச் சில்லு தொங்கினால் அது ஜீப்தான். என்னுடையது 2007இல் யப்பானில் செய்தது. டீசல், ஐந்து கதவு, நான்கு சில்லும் இழுக்கும். கம்பனிப் பெயரை எழுதவில்லை. குறைகள் எல்லாம் கடலாலும் என்னாலும் வந்தவை, செய்தவன் தலையில் போடுவது நியாயமில்லை. 2017இல் 46 இலட்சத்துக்கு வாங்கினேன். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, வயது போகப் போக வாகனத்தின் விலை ஏறும் விசித்திரம் நாட்டில் நடந்தது. 2025 பெப்ரவரி 1ஆம் திகதி தனியார் வாகனங்களுக்கும் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள்; வரியோ தலைக்கு மேல். பழைய வாகனத்தின் விலை விழுமா, அப்படியே நிற்குமா என்று எல்லோரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரம். என்னுடையதைப் போன்ற வண்டிகளுக்கு 64 முதல் 68 இலட்சம் வரை கேட்டிருந்தார்கள். நான் 66 என்று வைத்துக்கொண்டேன்.

கட்டட வேலைகளுக்கு விலைக் கணக்குப் போடுவது என் தொழில். எதையும் வரிசைப்படுத்தி, பக்கத்தில் ஒரு தொகை எழுதிவிட்டால்தான் எனக்கு நிம்மதி. இந்தப் பழக்கம் முதலில் கைகொடுத்தது, கடைசியில் காலை வாரியது.

சுத்தியல் சத்தம்

நாங்கள் இருப்பது உப்புவெளியில், கடலுக்கு இருநூறு மீற்றர் தள்ளி. ஜீப் நின்றது கூரை மட்டும் உள்ள கொட்டகையில். வாடைக்காற்றுக் காலத்தில் இங்கே யன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் பொரிந்து போகும். அது போதாதென்று மச்சானின் படகு. நிலாவெளிப் பக்கம் அதை ஏற்றி இறக்க உழவு இயந்திரம் கிடைக்காத நாட்களில் என் ஜீப் போகும். படகு வைத்த ட்ரெயிலரைக் கடலுக்குள் இறக்கும்போது ஜீப்பின் பின் சில்லுகள் முழங்கால் அளவு உப்புத் தண்ணீரில் நிற்கும். வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுவேன்தான், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தை மட்டும். செசி என்பது வண்டி முழுவதையும் தாங்கும், பெட்டி வடிவான இரும்புச் சட்டம். உள்ளே போன தண்ணீர் வடிவதற்கு அடியில் துளைகள் உண்டு. மணலும் சேறும் அவற்றை அடைத்துவிட்டால் உப்பு உள்ளேயே குடியிருக்கும். துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளியில் நமக்குத் தெரியும் நாளில் உள்ளே பாதிக் கதை முடிந்திருக்கும்.

விற்பதற்கு முன் நானே ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பாஸ் (மெக்கானிக்கை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஜீப்பைக் குழியின் மேல் நிறுத்தச் சொல்லி, என்னையும் உள்ளே இறங்கச் சொன்னார். கையில் ஒரு சின்னச் சுத்தியல். முன்னால் தொடங்கி செசியைத் தட்டிக்கொண்டே பின்னுக்குப் போனார். டங், டங், டங். இழுவைக் கொக்கி பூட்டியிருந்த குறுக்குச் சட்டத்துக்கு ஒரு சாண் முன்னே சத்தம் மாறியது. டொக். திரும்பவும் தட்டினார். டொக். ஸ்குரூ டிரைவர் நுனியை அந்த இடத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். நமுத்த பிஸ்கற்றுக்குள் போவதுபோல அரை அங்குலம் உள்ளே போனது. இழுத்தபோது செம்மண் நிறச் செதில் என் முகத்தில் கொட்டியது.

“சேர், இது படகு இழுத்த வாகனமா?” என்றார். படகு பற்றி நான் அவரிடம் வாய் திறந்திருக்கவில்லை.

மற்றவை இவ்வளவு வியப்பானவை அல்ல. றேடியேற்றரின் செதில்கள் உப்பில் உதிர்ந்திருந்தன. ஊருக்குள் ஓடினால் தெரியாது, ஏசி போட்டுக்கொண்டு மாத்தளை தாண்டிக் கண்டிக்கு ஏறும்போது சூட்டு முள் பாதிக்கு மேலே போகும். இதில் ஒரு பயம் இருந்தது: ஹெட் காஸ்கெற் (எஞ்சினின் மேல்பாகத்துக்குக் கீழே இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்குமோ என்று. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தோம். தண்ணீரில் குமிழி வரவில்லை, ஒயிலும் பால் நிறமாக மாறியிருக்கவில்லை. அப்பாடா. முன் சில்லுகளை வண்டியோடு இணைக்கும் போல் ஜொயின்ற் இரண்டும் புஷ்களும் தேய்ந்து, குழியில் இறங்கினால் கடகடவென்றன. நான்கு சில்லு இழுவைக்கான லைட் மினுங்கிக்கொண்டே இருக்கும், முன் சில்லு பூட்டாது. இதுவும் படகுக் கணக்கில்தான் வரும். பின் இருக்கைக்காரருக்கு ஏசி காற்று வராது.

செசியை ஒட்டுப் போட்டு, கரி (அடியில் அடிக்கும் கறுப்புப் பூச்சு) பூசி, பளபளவென்று விற்றிருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். யோசித்தேன், வேண்டாம் என்று விட்டேன். விற்பனைக்கு முந்தின கிழமை அடித்த கரியைப் பார்த்தால் விஷயம் தெரிந்தவருக்கு முதல் சந்தேகமே அங்குதான் வரும். விஷயம் தெரியாதவருக்கோ அது ஒரு திரை. உப்பின் மேல் கரி பூசினால் ஈரம் உள்ளே அகப்பட்டுத் துரு இன்னும் சுகமாக வளரும். ஓட்டை எவ்வளவு என்று வாங்குபவர் தானே குத்திப் பார்க்கட்டும், தன் பாஸைக் கொண்டு தானே ஒட்டுவிக்கட்டும்.

ஆக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கராஜில் விலை கேட்டு எழுதினேன். செசி 1 இலட்சத்து 80 ஆயிரம், றேடியேற்றர் 75 ஆயிரம், முன் போல் ஜொயின்ற், புஷ் வேலை 1 இலட்சத்து 20 ஆயிரம், நான்கு சில்லு இழுவை 55 ஆயிரம், பின் ஏசி 40 ஆயிரம். மொத்தம் 4 இலட்சத்து 70 ஆயிரம். 66இல் கழித்து 61 இலட்சத்து 30 ஆயிரம் என்று விலை போட்டேன். தாளை மேசையில் கண்ட மனைவி கேட்டாள்: “விற்கப் போறீங்களா, சாட்சி சொல்லப் போறீங்களா?”

வந்தவர்கள்

முதல் அழைப்பு வவுனியாவிலிருந்து. வயதானவர் குரல். வணக்கம் சொல்லி முடிய முன்னமே நான் ஐந்து குறையையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “இவ்வளவு சொல்லுறீங்க எண்டால், சொல்லாதது எவ்வளவு இருக்கும் தம்பி?” என்றார். வைத்துவிட்டார்.

அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது அவர் பக்கம் நியாயம் தெரிகிறது. அவர் வண்டியைக் கண்ணால் காணவில்லை, என்னையும் தெரியாது. முகமில்லாத ஒருவன் தொலைபேசியில் துரு, சூடு, கடகடப்பு என்று அடுக்கினால் எவருக்கும் அடிவயிற்றில் ஏதோ செய்யும். அதோடு, அந்த ஐந்தில் எது பெரிது, எது சிறிது என்று நான் பிரித்துச் சொல்லவில்லை. பின் ஏசியையும் செசி ஓட்டையையும் ஒரே குரலில் சொன்னேன். மறைப்பதற்கு அது இன்னொரு வழி என்றுகூடச் சொல்வேன். பெரியதைச் சின்னவற்றின் கூட்டத்தில் நிறுத்தி வைப்பது. அதன் பிறகு தொலைபேசியில் செசியை மட்டும் சொன்னேன். “மிச்சம் தாளில் இருக்கிறது, வந்து பார்த்தால் தருகிறேன்” என்றேன்.

இரண்டாமவர் தரகர். நல்ல மனிதர், எனக்கு நல்லது செய்ய வந்தவர் போலத்தான் கதைத்தார். “குறையை எல்லாம் என்னட்ட மட்டும் சொல்லுங்க, வாங்க வாறவரிட்ட சொல்லாதேங்க. அடியில கரி அடிப்பம். மீற்றரை ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கு இறக்குவம். 68க்குக் குறையாம வித்துத் தாறன்.” அதோடு ஓபன் பேப்பரும் கேட்டார். வாங்குபவர் பெயரை வெறுமையாக விட்டு, விற்பவர் மட்டும் கையெழுத்துப் போட்ட மாற்றப் படிவம் அது. வண்டி மூன்று கை மாறினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் நான்தான் சொந்தக்காரன். நாளைக்கு எங்கோ ஒரு விபத்து, எங்கோ ஒரு கடத்தல் என்றால் பொலிஸ் வந்து தட்டுவது என் வீட்டுக் கதவை. தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

மீற்றரை இறக்குவது, அதாவது வண்டி ஓடிய கிலோமீற்றரைக் குறைத்துக் காட்டுவது, என்று அவர் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு குத்து. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது, நிலாவெளியில் விடுதி நடத்தும் ஒரு இளைஞன். மே மாதம் எங்கள் கரையில் சுற்றுலாக் காலம் தொடங்கும்; புறாத்தீவுக்குப் போகிறவர்கள், திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்கள் என்று அறை நிரம்பும். அவர்களை ஏற்றி இறக்க ஒரு உயரமான வண்டி வேண்டும் அவனுக்கு. மெக்கானிக் கூட்டி வரவில்லை. ஒரு சுற்று ஓட்டினான், பிடித்துவிட்டது, முற்பணத்துக்குக் கை சட்டைப் பைக்குள் போய்விட்டது. “அண்ணன், நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, எனக்குத் தெரியும்” என்றான்.

என்னை நம்புகிறவனிடம் தாளைக் கொடுத்தால் அவன் வாசிக்கவே மாட்டான் என்பது அன்றுதான் தெரிந்தது. கையெழுத்துப் போடுகிற வேகத்தில் மடித்துப் பையில் வைத்தான். நான் பாயை விரித்து அவனை வண்டிக்கு அடியில் படுக்க வைத்து, ஸ்குரூ டிரைவரைக் கையில் கொடுத்து, இந்த இடத்தில் குத்து என்றேன். குத்தினான். எழுந்து வந்தவனின் முகமே வேறு. அவன் விடுதியும் கடற்கரையில்தான். இந்தச் செசிக்குத் திரும்பவும் கடல் காற்று. “ரெண்டு நாள் தாங்க அண்ணன்” என்று போனான். வரவில்லை. அவனை இழந்ததில் எனக்குக் கவலை உண்டு, பொய் சொல்லமாட்டேன். காசு பைக்குள்ளிருந்து பாதி வெளியே வந்திருந்தது.

கிண்ணியா நானா

நான்காவதாக வந்தவர் கிண்ணியாவில் இருப்பவர், தம்பலகாமத்தில் வயல். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நானா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்களிடம் அண்ணன். தன் பாஸையும் கூட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்கே வந்தார். எஞ்சின் சூடாகாதிருக்கும்போது கேட்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லி, வண்டியை எடுக்கவேண்டாம் என்றும் கேட்டிருந்தார். அப்போதே எனக்குப் புரிந்தது, இவரிடம்தான் வண்டி விலைபோகும் என்று.

தாளை வாங்கி நின்றபடியே வாசித்தார். பிறகு பாஸிடம் கொடுத்து, “இதில இருக்கிறத விட்டுட்டு மத்ததப் பாரு” என்றார். எனக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்தது. பாஸ் ஒன்றரை மணித்தியாலம் பார்த்தார். ரயர்கள், பிரேக், ஸ்டியரிங், புகை. பொனற்றைத் திறந்தபோது உள்பக்கம் ஒட்டியிருந்த ஸ்ரிக்கரை வாசித்தார்: டைமிங் பெல்ட் (எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் பட்டி) 95,000இல் மாற்றியது. மீற்றர் 1,87,400. இந்த எஞ்சினுக்கு ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை பெல்ட் மாற்ற வேண்டும். “இன்னும் ஏழாயிரத்துச் சொச்சம் இருக்கு நானா, வெள்ளாமை வெட்டி முடியுமட்டும் ஓடலாம்” என்றார். நான் பக்கத்தில் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

செசியைத் தன் ஆளைக் கொண்டு ஒட்டுவதாகச் சொன்னார். விலையில் 30 ஆயிரம் குறைக்கக் கேட்டார், சரி என்றேன். 61 இலட்சம். உள்ளே வந்து மேசையில் உட்கார்ந்தோம். தாளின் இரண்டு பிரதியிலும் திகதி, மீற்றர் இலக்கம் போட்டு இருவரும் கையெழுத்து வைப்பது என் யோசனை.

சட்டத்தைக் கேட்டால் இந்தத் தாளுக்கு அவசியமே இல்லை. இலங்கையில் பொருள் விற்பனைக்கு 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் இருக்கிறது. பொருளின் தரத்துக்கு விற்பவர் பொறுப்பு என்ற விதி, அந்தப் பொருளையே வியாபாரமாக விற்பவரைத்தான் முக்கியமாகப் பிடிக்கும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கான 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் வியாபாரிகளை நோக்கியது. சொந்த வண்டியை விற்கும் என்னைப் போன்றவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் சட்டம் பெரும்பாலும் அவன் பக்கம். வாயைத் திறந்து பொய் சொன்னால்தான் வேறு கதை. ஒரு பொய்யான இலக்கத்தை எழுதி அதன் கீழ் கையெழுத்து வைப்பது இதில் எந்தப் பக்கம் சேரும் என்பது எனக்கு அந்த மேசையில்தான் உறைத்தது.

மீற்றர் இலக்கத்தை நான் எழுதும்போது நானா கேட்டார்: “எழுதாம வெச்சது ஏதும் இருக்கா சேர்?”

2019இல் மீற்றர் ஏழு மாதம் ஓடவில்லை. அந்த வருடம் எனக்குக் கொழும்பில் வேலை. மாதம் மூன்று, நான்கு தடவை போய் வந்தேன். ஒரு தடவைக்குப் போக வர 520 கிலோமீற்றர். ஊருக்குள் ஓடியதையும் சேர்த்தால் 15 ஆயிரத்துக்குக் குறையாது. பிறகு மீற்றரைத் திருத்தியபோது நின்ற இடத்திலிருந்தே திரும்ப ஓடத் தொடங்கியது. அதாவது உண்மையில் வண்டி இரண்டு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. மீற்றர் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுத இப்போதுகூட விரல் போகிறது. மறக்கவில்லை. தாள் எழுதிய அன்றே நினைவுக்கு வந்தது. மற்ற ஐந்துக்கும் பக்கத்தில் ஒரு தொகை எழுத முடிந்தது, இதற்கு எந்தக் கராஜும் பில் தராது, திருத்தவும் முடியாது, நிரூபிக்கவும் முடியாது. வெறும் இலக்கம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு இலட்சத்துக்குக் கீழே என்று விளம்பரத்தில் பார்க்க நன்றாகவும் இருந்தது. தரகர் மீற்றரை இறக்கக் கேட்டபோது நான் காட்டிய கண்ணியம் எவ்வளவு மலிவானது என்று பாருங்கள். என்னுடையது ஏற்கெனவே தானாக இறங்கியிருந்தது.

சொன்னேன். நானா தேநீர்க் கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்தார். அவருடைய பாஸ்தான் முதலில் வாயைத் திறந்தார், என்னைப் பார்க்காமல்: “அப்ப பெல்ட் முடிஞ்சு போச்சு, நானா.”

அதை நான் யோசித்திருக்கவேயில்லை. 95,000இல் போட்ட பெல்ட், 1,95,000 வரை. உண்மைக் கணக்கில் வண்டி நிற்பது 2,02,400இல். ஏழாயிரம் மிச்சம் இல்லை, ஏழாயிரத்துச் சொச்சம் கடந்துவிட்டது. இந்த எஞ்சினில் ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று முட்டும். ஹெட் கழற்ற வேண்டி வரும், சில வேளை எஞ்சினையே மாற்ற வேண்டி வரும். தம்பலகாமத்து வயல் வரப்பிலோ, கந்தளாய் தாண்டி ஏ6 வீதியில் யானை கடக்கும் இடத்திலோ அது நடக்கலாம். பில் இல்லாத குறை என்று நான் ஒதுக்கி வைத்ததுதான் ஆறிலும் பெரிய பில்லை மடியில் வைத்திருந்தது. விலைக் கணக்குப் போட்டே பிழைக்கிறவன் நான்.

“இது ஏன் தாளில இல்ல சேர்?” என்றார் நானா. கோபமாகக் கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். நான் உள்ளதைச் சொன்னேன்: எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, எழுதாமல் விட்டால் நல்லது என்றும் தோன்றியது. அவர் எழுந்து முற்றத்துக்குப் போய் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்து பாஸிடம் பெல்ட், அதை இறுக்கி வைக்கும் ரென்ஷனர், தண்ணீர்ப் பம்பு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேட்டார். 75 ஆயிரம் என்றார் அவர். “அத எழுதிக் கழிங்க” என்றார் நானா. ஆறாவது வரியாக எழுதினேன். 60 இலட்சத்து 25 ஆயிரம்.

பேப்பர் வேலை சுருக்கமாக முடிந்தது. லீசிங் கடனை 2021இலேயே கட்டி முடித்து, பதிவுப் புத்தகத்திலிருந்து லீசிங் கம்பனியின் பெயரையும் நீக்கியிருந்தேன். இல்லாவிட்டால் இந்த இடத்தில் ஒரு மாதம் போயிருக்கும். எம்டிஏ 6 என்ற பெயர் மாற்றப் படிவத்தில் அவர் பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் நிரப்பிய பிறகே நான் கையெழுத்து வைத்தேன். பதினான்கு நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி; அவர் தன் பக்கத்தைக் கொடுத்தார், நான் என் பக்கத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்திருக்கிறேன். காசு வங்கிக்குள்ளேயே கை மாறியது. சாவியைக் கொடுக்கும்போது மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

மூன்று கிழமை கழித்து வட்சப்பில் ஒரு படம் வந்தது. கழற்றிய பெல்ட். உள்பக்கப் பற்களுக்கு இடையில் தலைமயிர் போல வெடிப்புகள், வரிசையாக. பின்னாலேயே நானாவின் குரல் பதிவு. செசி ஒட்டி முடிந்ததாம், முன் சில்லு இழுவையும் சரியாம். “பெல்ட் போட்டுட்டு ஸ்ரிக்கர் ஒட்டுறதுக்கு, பாஸ் எந்த நம்பர எழுதுறது எண்டு கேட்டாரு சேர். மீற்றர்ல 1,88,100 காட்டுது, உங்கட கணக்குல 2,03,100. ரெண்டையும் எழுதச் சொன்னன்.”